கன்னடம் தெரியாதவர்களுக்கான வகுப்பு

இறுதியாண்டுப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் எனக்கு மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை. எந்தப் பாடத்தில் மதிப்பெண் எளிதாக வரும், எந்த ஆசிரியர் வருகைப் பதிவில் கறார், எது சனிக்கிழமையைத் தின்றுவிடும் என்று மற்றவர்கள் நடைவழியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் என்ன எடுக்கப் போகிறேன் என்பதை ஓராண்டுக்கு முன்பே முடிவு செய்திருந்தேன். எங்கள் தெருவுக்கும் அது தெரியும்.

அந்தப் பாடத்தின் பெயர் கள அளவையும் வரைபடமும். புவியியல் துறையில் இறுதியாண்டு மாணவர்களுக்கு மட்டும் உரியது. ஆண்டு முழுக்கப் புதன் பிற்பகலும் சனிக்கிழமையும் கருவிகளைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குள் ஓர் இடத்துக்குப் போக வேண்டும். அந்த இடத்தின் மேடு பள்ளங்களை அளந்து, கடைசியில் வரைபடம் போட்டுக் கொடுக்க வேண்டும். எழுத்துத் தேர்வு கிடையாது. முதுகலையில் நான் சேர நினைத்திருந்த படிப்புக்கு இந்தப் பாடத்தை முடித்திருக்க வேண்டும் என்று விதி. விதி இல்லாமல் இருந்திருந்தாலும் நான் இதைத்தான் எடுத்திருப்பேன்.

காரணம் எங்கள் தெரு. ஜீவனஹள்ளியில் நாங்கள் இருக்கும் சந்தில் பெருமழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். மேலே கட்டிய புது அபார்ட்மெண்ட் என்பார் ஒருவர், அடைத்துக்கொண்ட ராஜகாலுவே என்பார் இன்னொருவர். ராஜகாலுவே என்றால் மழைநீர் போவதற்கான பெரிய கால்வாய். ரயில் பாதைக்கு மண் கொட்டி மேடாக்கியதுதான் காரணம் என்று அப்பா சொல்வார். இந்த வாக்குவாதம் ஒவ்வொரு மழைக்கும் நடக்கும். தண்ணீர் வடிந்ததும் வாக்குவாதமும் வடிந்துவிடும். இரண்டாம் ஆண்டில் எங்கள் துறைத்தலைவர் மேடம், நிலத்தின் சரிவை எப்படி அளப்பது என்று கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அளக்க முடியும். வாதாட வேண்டியதில்லை.

"அடுத்த வருஷம் எந்த இடத்தை எடுக்கலாம்? யாராவது சொல்லுங்க" என்று மேடம் கேட்டபோது நான் எழுந்து நின்று எங்கள் தெருவைச் சொன்னேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை அவரே நேரில் வந்து சந்துகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல இடம். நீ இருக்கறதால வீடுகளுக்குள்ளயும் போய் அளக்கலாம்" என்றார்.

அன்று மாலையே அம்மா தெருவுக்கு அறிவித்துவிட்டாள். அம்மா காக்ஸ் டவுனில் ஒரு பள்ளியில் ஆயா. அப்பா வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததில்லை. இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் படித்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

"அக்கா, என் பொண்ணு காலேஜிலேர்ந்து வந்து நம்ம தெருவ அளக்கப் போறாங்கோ" என்றாள் அம்மா, எதிர்வீட்டுப் பெண்ணிடம்.

"அளந்து இன்னா பண்ணுவாங்கோ? ஹக்குப் பத்ரா குடுப்பாங்களா?"

வீட்டு உரிமைப் பத்திரத்தைத்தான் கேட்டாள். பாதித் தெரு அதற்காகக் காத்திருக்கிறது.

"அதெல்லாம் இல்ல. தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிப்பாங்க."

"அது எனக்கே தெரியுமே. வானத்துலேர்ந்து வருது."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ சும்னே இரு. என் பொண்ணு சொன்னா சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். பெருமை எனக்கு அவளிடமிருந்து வந்த சொத்து.

இனி கன்னடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் கல்லூரியில், பள்ளியில் கன்னடத்தை ஒரு பாடமாகப் படித்து முடிக்காதவர்கள் பட்டம் வாங்குவதற்குள் ஒரு செமஸ்டராவது தொடக்கநிலைக் கன்னடம் படிக்க வேண்டும். பள்ளியில் எனக்கு முதல் மொழி தமிழ், இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது இந்தி. இந்தி படித்தால் மத்திய அரசு வேலை கிடைக்கும் என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். கன்னட எழுத்துகளைச் சின்ன வகுப்பில் பழகியதோடு சரி. பேருந்தின் பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அதற்கு மேல் வராது.

ஆனால் பேச்சு வேறு. நான் பிறந்தது இந்த ஊரில். தெருவில் விளையாடியது, சண்டை போட்டது, தண்ணீர் லாரிக்காரரைத் திட்டியது, பாதி கன்னடத்தில்தான். வீட்டிலேயே அம்மா தமிழில் தொடங்குவாள், கன்னடத்தில் முடிப்பாள். அவளுக்குத் தமிழ், கன்னடம், உருது மூன்றும் தெரியும், தெலுங்கில் பாதி தெரியும். எந்த மொழியிலும் ஓர் எழுத்துத் தெரியாது. எங்கள் வீட்டில் ஒரு மொழி தெரியும் என்றால் பேசத் தெரியும் என்றுதான் பொருள். எழுதுவது பள்ளிக்கூடத்தின் வேலை. மொழியை அறிவதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. நானும்தான்.

முதலாண்டில் என் பெயர் அந்த வகுப்பின் பட்டியலில் இருப்பதைப் பார்த்தபோது ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று நினைத்தேன். கதவின் மேல் ஒட்டியிருந்த தாளில் 'கன்னடம் அறியாதவர்களுக்கு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. உள்ளே அஸ்ஸாமிலிருந்தும் பீகாரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் போன வாரம் வந்து இறங்கியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் மதுரையிலிருந்து வந்து எங்கள் துறையிலேயே சேர்ந்திருந்த பெண் ஒருத்தி. அவளுடைய அப்பாவுக்கு இங்கே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பின்னாளில் அவள்தான் எனக்கு நெருங்கிய தோழி ஆனாள்.

கன்னட ஆசிரியர் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி வந்தார். புதனும் சனியும் மட்டும் எங்கள் கல்லூரிக்கு வருகிற பகுதிநேர ஆசிரியர் அவர். மற்ற நாட்களில் வேறு கல்லூரி. "நன்ன ஹெசரு..." என்று தொடங்கி, எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள் என்றார். வகுப்பு முழுக்க 'என் பெயர்' என்று கன்னடத்தில் ராகம் போட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. என் முறை வந்ததும் எழுந்து, நான் ஜீவனஹள்ளி, இங்கேயே பிறந்து வளர்ந்தவள், இந்த வகுப்பு எனக்குத் தேவையில்லை என்று கன்னடத்திலேயே, மூச்சு விடாமல் சொன்னேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. கோபமில்லாத சிரிப்பு. விலக்குத் தேர்வு ஒன்று இருக்கிறது, அதை எப்போது வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் ஒரே முறைதான், தேர்ச்சி பெற்றால் இந்த வகுப்புக்கு வர வேண்டாம் என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்பதை நான் எப்போதும் எழுதவில்லை. ஒவ்வொரு செமஸ்டரிலும் ஏதாவது ஒன்று முன்னால் வந்து நிற்கும். தெரிந்த மொழிதானே, ஓடியா போகிறது என்று இருந்தேன்.

மதுரைத் தோழி முதல் செமஸ்டரிலேயே அந்தப் பாடத்தை முடித்துவிட்டாள். அவளுடைய கன்னடம் காதில் விழுந்தால் ஆட்டோக்காரர்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். எங்கே போவதானாலும் பேரம் பேச நான் வேண்டும். ஆனால் மதிப்பெண் பட்டியலில் கன்னடத்துக்கு நேராக அவளுக்கு டிஸ்டிங்ஷன்.

"அடியே, ஒழுங்கா அந்தப் பேப்பரை முடிச்சுத் தொலை" என்பாள். "ஒனக்கென்ன, தூங்கிக்கிட்டே பாஸ் பண்ணுவ."

"தூங்கறதுக்கு எதுக்கு கிளாஸுக்குப் போவணும்? வீட்லயே தூங்கலாமே."

"பெருமைக்குப் பொறந்தவளே. நான்லாம் 'உப்பு எல்லித'ன்னு எழுதி மார்க் வாங்கிட்டேன். உப்பு எங்க இருக்குன்னு கேக்கறதுக்கு எனக்கு டிஸ்டிங்ஷன். நீ பக்கம் பக்கமா பேசுற, ஒனக்கு முட்டை."

"முட்டை இல்லடி. இன்னும் எழுதல."

"எழுதலன்னா முட்டைதான்."

அவள் சொன்னது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

பாடம் தேர்ந்தெடுத்த நாளுக்குத் திரும்புகிறேன். துறை அறையில் மேடம் கணினியின் முன் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பதிவு செய்துகொண்டிருந்தார். என் முறை வந்ததும் சிரித்துக்கொண்டே, "ஒன்னக் கேக்கவே வேண்டாம்" என்று சொல்லிக் கள அளவையை அழுத்தினார். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"உனக்குக் கன்னடம் பாக்கி இருக்கா?"

"அது ஒரு டெஸ்ட்தான் மேடம். எழுதிடறேன்."

"இன்னும் எழுதலையா?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கன்னட கிளாஸ் புதன், சனி. நம்ம ஃபீல்டும் புதன், சனி. ரெண்டையும் போட விடாது. இந்த வாரத்துக்குள்ள டெஸ்ட்டை முடிச்சுட்டு வா. அதுவரைக்கும் உன் இடத்தை வச்சிருக்கேன்."

நான் சரி என்றேன். பயம் இல்லை. கொஞ்சம் எரிச்சல் மட்டும் இருந்தது.

விலக்குத் தேர்வு ஆசிரியர் அறையின் ஓரத்தில் ஒரு மேசையில் நடந்தது. முதலில் பேச்சு. உங்கள் பகுதியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் கன்னட ஆசிரியர். நான் எங்கள் சந்தில் மழை பெய்யும் கதையைச் சொன்னேன். கட்டிலின் மேல் அடுப்பை ஏற்றி வைத்து அம்மா தோசை சுட்டதையும், அப்பாவின் பெயிண்ட் வாளிகள் தெருவில் மிதந்து போனதையும், எதிர்வீட்டு நாய் எங்கள் வீட்டு அலமாரியின் மேல் ஏறிக்கொண்டு இறங்க மறுத்ததையும் சொன்னேன். ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து மேசையிலிருந்த இன்னோர் ஆசிரியரைக் கூப்பிட்டு, இந்தப் பெண் பேசுவதைக் கேளுங்கள் என்றார். அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நாயைப் பற்றி நான் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தத் தேர்விலும் இருந்ததில்லை.

பிறகு அவர் வெள்ளைத் தாள் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். "ஈக ஹேளித்தன்னே பரெது கொடி" என்றார். இப்போது சொன்னதையே எழுதிக் கொடுங்கள்.

பேனாவைத் திறந்தேன். 'மழை' என்பதைக் கன்னடத்தில் எழுதினேன். அடுத்த சொல்லுக்கு வேண்டிய எழுத்து என் கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கு வரவில்லை. ஒன்றை எழுதி அடித்தேன். நான் அடித்துத் திருத்துவதை அவர் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்த மற்ற ஆசிரியர் எழுந்து தன் மேசைக்குப் போனார். அவர் எழுந்து போனது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வாயில் நிரம்பிக் கிடந்த ஒரு கதை, தாளில் இரண்டு வரிகூட ஆகவில்லை.

நீண்ட நேரம் கழித்து ஆசிரியர் தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு, மிகுந்த பரிவோடு, தமிழுக்கு மாறினார்.

"பேச்சுக்கு நூறு போடுவேன்மா. ஆனா இந்தப் பேப்பர் ஆபீஸுக்குப் போகுது. அவங்களுக்கு நான் எதைக் காட்டறது? கிளாஸுக்கு வந்துடு. உனக்கு ஒரு மாசத்துல வந்துடும்."

வெளியூர்க்காரர்களிடம்தான் இந்த ஊரில் அப்படி மொழி மாற்றிப் பேசுவார்கள். கடையில், பேருந்தில், அடுத்தவருக்குப் புரியவில்லை என்று தெரிந்த கணத்தில் மாறிவிடுவார்கள். அது இந்த ஊரின் நல்ல குணம். அந்த நல்ல குணத்தை யாரும் என்னிடம் அதுவரை காட்டியதில்லை. தேர்வில் தவறியதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒரு வழி சொன்னார்.

"ஒண்ணு பண்ணு. இப்ப ஃபீல்டை எடுத்துக்கோ. கன்னடத்தை அடுத்த வருஷம் முதல் செமஸ்டர்ல வந்து முடி. வாரத்துல ரெண்டு நாள் வந்தாப் போதும். பட்டம் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போகும். எம்.எஸ்ஸிக்கு ஒரு வருஷம் கழிச்சுப் போடு. ஒண்ணும் குடி முழுகிடாது."

இப்போது யோசித்தால், எவ்வளவு எளிய வழி. மேடத்துக்கு அது எளிது என்று தெரிந்திருந்தது. அவருடைய வீட்டில் ஒரு செமஸ்டர் தள்ளிப் போனவர்கள் இருந்திருப்பார்கள். போனால் என்ன ஆகும், எதுவும் ஆகாது என்பதைப் பார்த்திருப்பார்கள். எங்கள் வீட்டில் படிப்பு என்பது ஒருமுறை மட்டும் ஓடும் வண்டி. நடுவில் நின்றால் மறுபடி கிளம்பும் என்பதற்கு ஒரு சாட்சியும் எங்களிடம் இல்லை. எதிர்வீட்டில் ஒருவன் ஒரு பாடத்தில் நின்றுபோய், அடுத்த வருடம் எழுதுகிறேன் என்றவன், இன்னும் பொம்மசந்திராத் தொழிற்பேட்டையில் லோடு ஏற்றிக்கொண்டிருக்கிறான்.

அதெல்லாம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி என்னவென்றால், தெரு கேட்கும். பட்டம் ஏன் வரவில்லை என்று கேட்கும். கன்னடத்தில் நின்றுவிட்டது என்று நான் சொல்ல வேண்டும். தண்ணீர் லாரிக்காரரிடம் தெருவுக்காகக் கன்னடத்தில் சண்டை போடுகிறவள் நான். மாநகராட்சியிலிருந்து கன்னடத்தில் ஏதாவது நோட்டீஸ் வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். 'பாத்துச் சொல்றேன்' என்று வாங்கிப் போய், மெடிக்கல் கடைக்காரரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவந்து சொல்வேன். எனக்குப் படிக்க வராது என்று தெருவில் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

"கன்னடத்தையே எடுத்துக்கறேன் மேடம்" என்றேன்.

"வீட்ல கேட்டுட்டு நாளைக்குச் சொல்லேன்."

"கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல மேடம். ப்ளேஸ்மெண்டுக்குப் பட்டம் இந்த வருஷமே வேணும்."

அது பொய் இல்லை. ஆனால் அது காரணமும் இல்லை. மேடம் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, கள அளவையில் என் பெயரை நீக்கிக் கன்னடத்தில் சேர்த்தார். சிவப்பு வரி மறைந்தது. பட்டத்துக்குத் தேவையானவை எல்லாம் நிறைவடைந்தன என்று திரை சொன்னது. அந்த இடத்துக்குக் காத்திருந்தவர்களில் அடுத்தவள் என் மதுரைத் தோழி.

அவள் அன்று என்னோடு சண்டை போட்டாள். "ஒன் தெருடி அது. நான் போய் என்ன பண்ணப் போறேன்? எனக்கு எந்தச் சந்து எங்க முடியுதுன்னுகூடத் தெரியாது."

"அதான் அளக்கப் போறீங்களே. தெரிஞ்சுடும்."

"வாயப் பாரு. அழுதா அழுது தொலையேன்."

நான் அழவில்லை.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. காலேஜ் எப்ப வருது என்று அம்மா அவ்வப்போது கேட்பாள். வரும்மா, கருவி ரிப்பேர், மழை நிக்கட்டும் என்று ஏதாவது சொல்வேன். புதன்கிழமைகளில் கதவில் அதே தாள் ஒட்டிய அறையில், என்னைவிட இரண்டு மூன்று வயது சிறியவர்களோடு உட்கார்ந்தேன். ஆசிரியர் என்னை ஒரு நாளும் கேலி செய்யவில்லை. உச்சரிப்புக்கு என்னை எழுப்பிச் சொல்லச் சொல்வார். ஒரு பீகார்ப் பையன் என்னிடம், அக்கா, இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்களே, இங்கே எதற்கு வந்தீர்கள் என்று கேட்டான். போர் அடித்தது, வந்தேன் என்றேன். உண்மையைச் சொன்னால், எழுத்து பிடிபடத் தொடங்கியபோது எனக்குப் பிடித்தும் போனது. சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொற்களை முதல்முறையாகப் பார்ப்பது ஒரு தனிச் சந்தோஷம். முதலாண்டிலேயே அந்தச் சந்தோஷம் எனக்குக் கிடைத்திருக்கும், வேறெதையும் விலையாகக் கேட்காமல்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தபோது சந்தின் முனையிலேயே எதிர்வீட்டுப் பெண் பிடித்துக்கொண்டாள். "உங்க காலேஜு வந்துட்டுப் போச்சு. நீ எங்க போனே?"

அம்மா வீட்டுக்குள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள்.

"உன் சினேகிதி வந்துது, மதுரக்காரப் பொண்ணு. முக்காலு மேல ஒரு மெஷின் வச்சுக்கினு பாத்தாங்கோ. ஒரு நீளக் கோல என் கைல குடுத்து, ஆன்ட்டி, நேரா புடிச்சுக்கோங்கன்னு சொல்லிச்சு. நம்ம வாசப்படி மேல வச்சுப் புடிச்சேன். அப்புறம் சாக்கடை மோரி பக்கத்துல. ரொம்ப நேரம் புடிச்சேன்."

"நல்லதும்மா."

"எல்லாருக்கும் டீ போட்டேன். என் பொண்ணு வருவா, வருவான்னு சொல்லிக்கினே இருந்தேன். அதுங்க ஒண்ண ஒண்ணு பாத்துக்கிச்சுங்க. உன் சினேகிதிதான் அப்புறமா உள்ள வந்து சொல்லிச்சு. நீ கன்னட கிளாஸ்ல இருக்கேன்னு."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றேன்.

"உனக்கு எதுக்குடி கன்னடம்?" என்றாள் அம்மா. கேலி இல்லை. உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. "நீ இன்னா ஊருக்குப் புதுசா?"

"எழுத வராதும்மா எனக்கு. எழுதினாத்தான் பட்டம் தருவாங்க."

"பேசறியே."

"பேசறது போதாதாம்."

அம்மா களைந்த நீரை வடித்தாள். மறுபடி நீர் ஊற்றினாள். "அந்த மேடம் வேற வழி ஒண்ணும் சொல்லலையா?"

அவளிடம் பொய் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எல்லோர் முன்னாலும் கோலைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்து நின்றவள் அவள். சொன்னேன். ஒரு வருடம் தள்ளி முடித்திருக்கலாம் என்று மேடம் சொன்னதையும், நான் வேண்டாம் என்றதையும்.

"ஏன் வேணாம்னே?"

"நீ எல்லார்கிட்டயும் இந்த வருஷம் முடியுதுன்னு சொல்லி வச்சிருந்தியேம்மா."

அம்மா அடுப்பில் பானையை ஏற்றினாள்.

"சொன்னவளுக்கு மாத்திச் சொல்லத் தெரியாதா?" என்றாள். "என்னக் கேட்டிருந்தா, அதுக்கின்னா, அடுத்த வருஷம் முடியும்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். யாரு இன்னா பண்ணிடுவாங்கோ? நான்தானே சொன்னேன், நானே மாத்திக்கிறேன். நீ இன்னாத்துக்கு அத உன் தலைல போட்டுக்கினே?"

அவளைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கிரெடிட், எலெக்டிவ், விலக்குத் தேர்வு, இதிலெல்லாம் அம்மாவுக்கு என்ன தெரியும் என்று இருந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் காலெடுத்து வைத்த நாளிலிருந்து அப்படித்தான். படிப்பைப் பற்றிய எந்த முடிவையும் நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்க ஆள் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆண்டு முடிந்தது. கன்னடத்தில் எனக்கும் டிஸ்டிங்ஷன் வந்தது. பட்டம் சொன்ன நேரத்தில் வந்தது. அம்மா தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். மேடம் என்னைக் கூப்பிட்டு, எங்கள் தெருவின் வரைபடம் முடிந்துவிட்டது, இடத்தைச் சொன்னவள் என்று என் பெயரையும் கீழே சேர்க்கட்டுமா என்று கேட்டார். நான் அளக்கவில்லையே மேடம், வேண்டாம் என்றேன். அதில் நேர்மை இருந்தது. ஆனால் நேர்மைக்குள் வேறொன்றும் இருந்தது என்று மேடத்துக்குத் தெரிந்திருக்கும். அவர் வற்புறுத்தவில்லை. வரைபடத்தைத் துறையின் நடைவழியில் மாட்டினார்கள். கல்லூரியை விட்டுப் போகும்வரை நான் மறுபக்கப் படிக்கட்டையே பயன்படுத்தினேன்.

இப்போது பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியின் டெஸ்பாட்ச் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நல்ல வேலை. என்னோடு பேசும் டிரைவர்களில் பாதிப்பேர் தமிழ், பாதிப்பேர் கன்னடம். இரண்டிலும் எழுதுவேன். சென்ற ஆண்டு முதுகலைக்கு விண்ணப்பிக்க நினைத்தபோது கள அளவைப் பாடம் வேண்டும் என்ற விதி அப்படியேதான் இருந்தது. அந்த ஒரு பாடத்தை மட்டும் வந்து படித்து முடிக்கலாமா என்று மேடத்துக்கு எழுதிக் கேட்டேன். இம்முறை கேட்டேன். பாடத்திட்டம் மாறிவிட்டது, அந்தப் பாடம் இப்போது இல்லை, நானே அதற்காக எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன் என்று பதில் எழுதியிருந்தார்.

போன வாரம் நல்ல மழை. வாசலில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் மணல் மூட்டையை நானும் அம்மாவும் இழுத்துப் போட்டோம். அப்பா வழக்கம்போல ரயில் பாதையைத் திட்டினார். எதிர்வீட்டுக்காரர் அபார்ட்மெண்டைத் திட்டினார்.

"அந்த மேப்புல போட்டிருக்குமா?" என்றாள் அம்மா, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. "தண்ணி எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு?"

"போட்டிருக்கும்மா."

"எந்தப் பக்கமாம்?"

"தெரியலம்மா. நான் இன்னும் பாக்கல" என்றேன்.